தியோங் பாருவுக்குப் போகிறவர்களுக்குக் கடைப் பெயர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கே சாப்பிடலாம், எங்கே வாங்கலாம் என்று வார இறுதிப் பக்கங்களில் வரும் கட்டுரைகளில் சிங்கப்பூரின் பழைய குடியிருப்பு வட்டாரமான தியோங் பாரு தவறாமல் இடம்பெறுகிறது. வெள்ளைச் சுவர், வளைந்த மாடி முகப்பு, நுரையில் இலை வரைந்த கோப்பிக் கோப்பை என மூன்று படங்கள் இருக்கும். அவற்றின் கீழே ஏழெட்டுக் கடைப் பெயர்கள். அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் குடும்பத்தோடு போகிறவர் பூட்டிய மீன் கடைகளையும் கவிழ்த்து வைத்த நாற்காலிகளையும்தான் பார்ப்பார். சைவமாகச் சாப்பிடுகிறவரும் ஹலால் பார்க்கிறவரும் நமக்கு அங்கே ஒன்றுமில்லை என்று முடிவுகட்டித் திரும்பிவிடுகிறார்கள். இரண்டும் நடக்க வேண்டியதில்லை. தியோங் பாருவில் எந்தக் கடை என்பதைவிட எந்த நாள், எந்த மணி, எந்தக் கொழுப்பில் பொரித்தது, வரியோடு எவ்வளவு என்பவைதான் முக்கியம். கட்டுரைகள் விட்டுவிடுவதும் இந்த நான்கைத்தான்.

முதலில் இடம். கிழக்கு-மேற்குப் பாதையில் தியோங் பாரு எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் தலைக்கு மேலேயே தியோங் பாரு பிளாசா கடைத்தொகுதி இருக்கிறது. பலர் அதையே தியோங் பாரு என்று எண்ணிக்கொள்கிறார்கள். பழைய குடியிருப்பும் சந்தையும் அங்கிருந்து கிழக்கே பத்து நிமிட நடை. 2022 நவம்பரில் திறந்த ஹேவ்லாக் நிலையத்திலிருந்தும் நடக்கலாம். சந்தை இருப்பது 30 செங் போ சாலையில். அதைச் சுற்றியுள்ள எங் ஹூன், யோங் சியாக், சாய் யான், கிம் போங், மோ குவான் போன்ற தெருக்களுக்குப் பழைய சீன முன்னோடிகளின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதும்போது இந்தப் பெயர்களைச் சுருக்காமல் முழுதாக அச்சிட்டால் வழி கேட்க உதவும். குடியிருப்பின் முதல் கட்டடம் 1936இல் எழுந்தது. போருக்கு முந்திய 20 கட்டடங்களுக்கு 2003இல் பாதுகாப்புத் தகுதி கிடைத்தது. முகப்பு மாறாமல் இருப்பதற்கும் கீழ்த்தளக் கடைகள் சிறியவையாகவே இருப்பதற்கும் அதுவே காரணம். சிறிய கடையில் பத்து, பன்னிரண்டு பேர் உட்கார்ந்தாலே இடம் நிறைந்துவிடும். ஆறு பேருக்கு மேல் போனால் ஒரே மேசை கிடைக்காது என்று நினைத்துக்கொண்டே கிளம்புவது நல்லது.

இந்த வட்டாரத்தைச் சந்தையிலிருந்துதான் தொடங்க வேண்டும். செங் போ சாலைச் சந்தை என்று 1950களின் தொடக்கத்தில் உருவான பழைய கட்டடத்தை இடித்துக் கட்டி, 2006இல் இப்போதைய சந்தையைத் திறந்தார்கள். கீழே ஈரச்சந்தை, மேலே உணவங்காடி நிலையம். சரியான நேரம் காலை எட்டு முதல் பத்து வரை. அதற்குள் கீழே மீன் நன்றாக இருக்கும், மேலே பெரும்பாலான கடைகள் திறந்திருக்கும், மேசையும் கிடைக்கும். பதினொன்றரைக்கு மேல் அலுவலகக் கூட்டம் ஏறும். பேர்பெற்ற கடைகளில் அரைமணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். இரண்டு மணிக்குப் பிறகு கடைகள் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து மூடத் தொடங்கிவிடும். மாலையில் திறந்திருப்பவை சிலவே. திங்கட்கிழமை மீன் வரத்து குறைவு என்பதால் ஈரச்சந்தையின் பெரும்பகுதி மூடியிருக்கும், மேலேயும் பல கடைகளுக்கு விடுமுறை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலையம் முழுவதையும் கழுவுவதற்காக மூடுவார்கள். அந்தத் தேதியைத் தேசிய சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே வெளியிடுகிறது. சீனப் புத்தாண்டுக்குப் பின் சில நாள்களுக்குக் கடைக்காரர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். புத்தாண்டுக்கு முந்திய வாரத்தில் வெள்ளை வாவல் விலை கண்டபடி ஏறும், ஏனென்றால் அது விருந்தில் மங்கல மீன். நம் வீட்டுக் குழம்புக்கு அந்த வாரம் வேறு மீனைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

மீனைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். தியோங் பாருவின் ஈரச்சந்தை நம் சமையலுக்கு எவ்வளவு பொருந்தும் என்று நம்மவர்களில் பலருக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாததுதான் தடை. மூத்த சீனக் கடைக்காரர்களிடம் மலாய்ப் பெயர்கள் எடுபடும். பாத்தாங் அல்லது தெங்கிரி என்றால் நம் வஞ்சிரம். குராவ் என்பது காலா. கெம்போங் என்பது கானாங்கெளுத்தி. பாவால் பூத்தே வெள்ளை வாவல், பாவால் ஹீத்தாம் கறுப்பு வாவல். சியாக்காப் கொடுவா, கெராப்பு களவா, பாரி திருக்கை, சோத்தோங் கணவாய், பீலிஸ் நெத்திலி. விலை கேட்க ‘பெராப்பா’, வெட்டச் சொல்ல ‘பொத்தோங்’. இரண்டு சொல் போதும், பேச்சு தொடங்கிவிடும்.

மீனை எடை போட்ட பிறகுதான் சுத்தம் செய்வார்கள். முழு மீனாக ஒரு கிலோ எடுத்தால் செதில், குடல், செவுள், துடுப்பு எல்லாம் கழிந்துவிடும். தலையையும் ஒதுக்கிவிட்டால் குழம்புக்குத் தேறுவது இன்னும் குறையும். நான்கு பேர் குழம்புக்கு 600 கிராம் துண்டு வேண்டுமென்றால் முழு மீனாக ஒரு கிலோ கேளுங்கள். துண்டின் கனத்தை விரலால் காட்டிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆவியில் வேகவைப்பதற்கேற்பப் பெரிய துண்டாகவோ, முழு மீனை இரண்டு கீறல் போட்டோ கொடுத்துவிடுவார்கள். புளிக்குழம்புக்கு ஒரு விரல் கனம், வறுவலுக்கு அதில் பாதி. தலை வேண்டுமென்றால் வெட்டத் தொடங்கும் முன்பே சொல்லுங்கள்.

பெரும்பாலானோர் தவறுவது இதற்குப் பிறகுதான். மீனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மேலே போய் ஒரு மணி நேரம் சாப்பிட்டு, அப்படியே கோப்பிக் கடைக்கும் போகிறார்கள். வஞ்சிரமும் கானாங்கெளுத்தியும் வெப்பத்தில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவுடன் முகம் சிவந்து அரிப்பெடுப்பதும் தலைவலி வருவதும் பல நேரம் அதனால்தான், மீன் ஒவ்வாமையால் அல்ல. ஆகவே காலையில் முதலில் மீனைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டுங்கள். சுத்தம் செய்து பனிக்கட்டியில் வைக்கும்படி கேட்டுவிட்டு, மேலே சாப்பிட்டு வந்து எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போங்கள். தெருச் சுற்றும் திட்டமிருந்தால் அன்று மீன் வாங்காதீர்கள். முருங்கைக்காய், வாழைப்பூ, வெற்றிலை, நல்ல ஆட்டிறைச்சி ஆகியவற்றுக்கு லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காச் சந்தைதான். அவற்றை இங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மேல்தளத்தில் எல்லாரும் வரிசை பிடிப்பது 1958இலிருந்து இருந்துவரும் ஜியான் போ கடையின் சுவீ குவே, ஹொங் ஹெங் கடையின் சோத்தோங் இறால் மீ, ஹைனானிய எலும்பில்லாக் கோழிச்சோறு ஆகியவற்றுக்காக. கோழியைக் கொதிக்காத சூட்டில் ஊறவைத்து வேகவிட்டு உடனே பனிநீரில் போடுவதால்தான் தோல் வழவழப்பாகவும் சதை மென்மையாகவும் இருக்கிறது. எலும்பை ஒட்டியிருந்த இடம் இளஞ்சிவப்பாக இருந்தால் வேகவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். சோறு கோழிக் கொழுப்பில் வதக்கியது. ‘கோழி வேண்டாம், சோறு மட்டும்’ என்று கேட்கும் சைவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுவீ குவே என்பது அரிசிமாவும் தண்ணீரும் கலந்து சிறு கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்தது. கொழுக்கட்டை மேல்மாவைத் தளர்த்தி வேகவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. நடுவில் விழும் குழியில் உப்பிட்டு வதக்கிய முள்ளங்கியை வைப்பார்கள். சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். ஆறினால் அரிசிமாவு இறுகி ரப்பர்போல் ஆகிவிடும். பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவோர் திரும்ப ஆவியில் ஐந்து நிமிடம் வைக்க வேண்டும், நுண்ணலை அடுப்பில் வைத்தால் ஓரம் காய்ந்துவிடும். பார்வைக்கு முழுச் சைவம். ஆனால் முள்ளங்கியை எந்த எண்ணெயில் வதக்கினார்கள் என்பது கடைக்குக் கடை மாறும். பன்றிக் கொழுப்பில் வதக்குவது பழைய முறை, இன்று தாவர எண்ணெய்க்கு மாறியவர்களும் உண்டு. பக்கத்தில் வைக்கும் மிளகாய் விழுதில் உலர்ந்த இறால் இருக்கலாம். எண்ணெயையும் மிளகாயையும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிச் சைவம்போலத் தோன்றி ஏமாற்றும் பண்டங்களின் பட்டியலை எந்தக் கட்டுரையும் தருவதில்லை. கேரட் கேக் என்று எழுதியிருப்பதில் கேரட்டே கிடையாது. முள்ளங்கி கலந்த அரிசிமாவுக் கட்டியை முட்டையோடு வறுப்பது அது. பெரும்பாலும் மீன் சாறும் சில கடைகளில் பன்றிக் கொழுப்பும் சேரும். மாவுப் பண்டங்களான சூன் குவே, இளஞ்சிவப்பு நிறப் பிங் குவே இரண்டிலும் வழக்கமாக உலர்ந்த இறால் இருக்கும். ரொட்டியில் தடவும் காயா தேங்காய்ப்பால் ஜாம் என்றே பலர் நினைக்கிறார்கள், அதைக் கெட்டியாக்குவதே முட்டைதான். பச்சை நிறத்தில் சுருட்டிய குவே டாடாரின் மேல் தோலிலும் முட்டை சேர்ப்பது வழக்கம். ஆவியில் வேகும் அடுக்குக் குவே லாப்பிஸில் அரிசிமாவும் மரவள்ளி மாவும் தேங்காய்ப்பாலும்தான். அதே பெயரில் அடுப்பில் சுடும் லாப்பிஸ் முழுக்க முழுக்க முட்டை.

அப்படியானால் சைவர் நம்பி எதைக் கேட்கலாம்? உடைத்த பாசிப்பருப்பைப் பாகில் வேகவைத்துக் கெட்டியாக்கிய தாவ் சுவான் நம் நாவுக்கு உடனே பிடிக்கும், ஏறக்குறையப் பாசிப்பருப்புப் பாயசம்தான். மேலே தூவும் பொரித்த மாவுத் துண்டு எந்த எண்ணெயில் பொரிந்தது என்று தெரியாவிட்டால் அதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சோயாப் பாலும் தாவ் ஹுவாய் என்னும் சோயாத் தயிர்க்கட்டியும் கிடைக்கும். சீனிப்பாகைத் தனியாக ஊற்றுவதால் குறைக்கச் சொல்வது எளிது. பாசிப்பருப்புப் பூரணம் வைத்த ஆங் கூ குவே, வெல்லப்பாகு அடைத்துத் தேங்காய்ப் பூவில் புரட்டிய ஒண்டே ஒண்டே இரண்டும் வழக்கமான செய்முறையில் முட்டையில்லாதவை. உப்புச் சுவைப் பூரணமா, இனிப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள், உப்புப் பூரணத்தில் கொழுப்பு சேரலாம்.

சைவம் என்பதை ஹொக்கியனில் ‘சியாக் சாய்’ என்பார்கள், மாண்டரினில் ‘ச்சீ சூ’. ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு அதே சூப்பை ஊற்றித் தருவார்கள். அவர்கள் மனத்தில் அது தவறே இல்லை. ‘சியாக் சாய்’ என்றால் பௌத்த வழக்கப்படி வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத உணவு என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் அந்த வழக்கத்தில் முட்டையையும் பாலையும் ஏற்பவர்கள் உண்டு, ஆகவே முட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சீனர்கள் பலர் சைவம் என்பதால் எந்த வட்டாரத்திலும் சைவக் கடைகளில் அன்று கூட்டம் அதிகம்.

முஸ்லிம் வாசகர்களுக்கு ஒன்று தெளிவாக எழுத வேண்டும். ‘பன்றி இல்லை, கொழுப்பு இல்லை’ என்ற அட்டை, முயிஸ் எனும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் ஆகாது. சான்றிதழைக் கடை முகப்பில் மாட்டியிருப்பார்கள், அதைப் பார்த்தால் போதும். சந்தை பழைய சீனக் குடியிருப்பின் சந்தை என்பதால் தேர்வு குறைவுதான். ஹலால் சான்று பெற்ற கடைகளை எம்ஆர்டி நிலையத்துக்கு மேலுள்ள பிளாசாவில் எளிதாகக் காணலாம். தட்டு திருப்பி வைக்கும் அடுக்குகளில் ஹலாலுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. பார்க்காமல் மாற்றி வைப்பது சிறு கவனக்குறைவாகத் தோன்றலாம், ஆனால் ஒரு சமூகத்தின் நம்பிக்கை அதில் அடங்கியிருக்கிறது. 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடி நிலையங்களில் தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம். முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம்.

கோப்பிக்கு வருவோம். ஒரே தெருவில் உணவங்காடி நிலையக் கோப்பியும் நவீனக் கடைக் காப்பியும் அருகருகே கிடைப்பது தியோங் பாருவின் தனிச்சிறப்பு. இரண்டும் வெவ்வேறு பானங்கள். முன்னது பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்து, துணி வடிகட்டியில் இறக்குவது. வெறும் ‘கோப்பி’ என்றால் இனிப்பான கெட்டிப்பால் சேரும். ‘கோப்பி ஓ’ என்றால் பால் இல்லை, சீனி உண்டு. ‘கோப்பி சி’ என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சீனியும். ‘கோசோங்’ சேர்த்தால் சீனி இல்லை, ‘சியூ தாய்’ என்றால் இனிப்புக் குறைவு, ‘காவ்’ என்றால் திடம், ‘போ’ என்றால் தண்ணியாக, ‘பெங்’ என்றால் பனிக்கட்டியோடு. நீரிழிவு உள்ளவர்கள் ‘கோப்பி கோசோங்’ என்று கேட்பதில் குழப்பம் வரும், கெட்டிப்பாலிலேயே சீனி இருக்கிறது. அவர்கள் கேட்க வேண்டியது ‘கோப்பி ஓ கோசோங்’ அல்லது ‘கோப்பி சி கோசோங்’. டிகாக்‌ஷன் காப்பிக்குப் பழகிய நாவுக்கு ‘கோப்பி சி காவ் சியூ தாய்’ மிக நெருக்கமானது. பசும்பால் மணத்தை மட்டும் அதில் எதிர்பார்க்க முடியாது.

நவீனக் கடைகளில் அரபிக்கா கொட்டையை மிதமாக வறுப்பதால் புளிப்புத் தெரியும். அது கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. பாலை 60 முதல் 65 பாகைக்குள் நிறுத்துவார்கள், அதற்கு மேல் போனால் பாலின் இனிப்புக் குறையும் என்பதால். நம்மவர்களுக்கு அது ஆறிய காப்பி. கூடுதல் சூடாக வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லலாம், வந்தபின் திருப்பிக் கொடுத்தால் நுரை உடைந்துவிடும். எங் ஹூன் ஸ்திரீட்டில் 2012இல் தொடங்கிய தியோங் பாரு பேக்கரியில் குரோசோன் வாங்குவதானால் காலையிலேயே வாங்குங்கள். வெண்ணெய் அடுக்கு சில மணி நேரத்தில் ஈரத்தை இழுத்து மொறுமொறுப்புப் போய்விடும். நம் ஊர்க் காற்றில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். பொதுவாகக் குரோசோன் மாவில் முட்டை சேர்க்காவிட்டாலும் மேலே பளபளப்புக்கு முட்டை பூசுவது வழக்கம் என்பதையும் சைவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விலைப் பட்டியலில் ‘++’ என்று இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்த்து, அந்தத் தொகைமேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி போடுவார்கள். 20 வெள்ளி என்று எழுதியிருப்பது 23 வெள்ளி 98 காசாகும். நான்கு பேருக்கு 16 வெள்ளி கூடுதல், மாடியிலிருக்கும் உணவங்காடியில் அது ஒரு குடும்பத்தின் காலை உணவு. ஈரச்சந்தையிலும் உணவுக்கடைகளிலும் பலர் அரசு வழங்கும் சிடிசி பற்றுச்சீட்டை ஏற்றுக்கொள்கிறார்கள், கடையில் ஒட்டிய அடையாளத்தைப் பார்த்துக் கேளுங்கள். சில்லறை நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூத்த கடைக்காரர்கள் சிலர் ரொக்கம்தான் விரும்புவார்கள், நவீனக் கடைகள் சில ரொக்கத்தையே வாங்குவதில்லை.

பொருள் வாங்குவதற்கென்று நாள் ஒதுக்கிப் போகும் இடம் அல்ல இது. யோங் சியாக் ஸ்திரீட்டின் புத்தகக் கடையைத் தேடி இன்றும் வருகிறார்கள். புக்ஸ் ஆக்‌ஷுவலி 2020இலேயே அந்த இடத்தைக் காலி செய்துவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. பழைய கட்டுரையைப் பார்த்து எழுதுவதால் இந்தப் பெயர் இன்னும் அச்சில் வருகிறது. இப்போது வீட்டு அலங்காரப் பொருள், துணி, பேக்கரி எனச் சிறு கடைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவை பதினொரு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் சந்தையை முடித்துவிட்டுப் போனால் நேரம் சரியாக இருக்கும். இடையில் யிப் யூ சோங் வரைந்த மூன்று சுவரோவியங்களைப் பார்க்கலாம், பறவைக் கூண்டு மாட்டிய பழைய கோப்பிக் கடை ஓவியத்தைச் செங் போ லேனில் தேடுங்கள். பின்புறச் சுழல் படிக்கட்டுகள் குடியிருப்பவர்களுக்கு உரியவை. படம் பிடிக்க மேலே ஏறுவதும் உலரும் துணியை ஒதுக்கிவிடுவதும் கூடாது, அங்கே வயதானவர்கள் பலர் வாழ்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை இப்படியொரு பக்கம் போடும்போது ஒவ்வொரு கடைப் பெயருக்கும் கீழே ஒரே ஒரு வரி சேருங்கள்: விடுமுறை நாள், மூடும் நேரம், சமைக்கும் எண்ணெய் அல்லது கொழுப்பு, சேவைக் கட்டணமும் வரியும் உண்டா இல்லையா. கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் இவற்றைக் கேட்டுவிடலாம். இடம் போதவில்லையென்றால் படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். சந்தையின் அடுத்த சுத்திகரிப்பு நாள்களையும் அதே பக்கத்தில் போட்டால், வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு வருபவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப மாட்டார்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
புக்கிட் மேரா